சைபரை எங்கன வெச்ச?

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். இயக்குநர், விமானத்தை ஓட்டிய கேப்டன், கணக்கதிகாரி சர்மாஜி, நான். இல்லாதவர் ஒருவர். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவர் லீவிலும் இல்லை, ஊருக்கும் போயிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அது விமானத்தில் போகிறவர்களுக்கான கூட்டம். அவர் விமானத்தில் போகிறவர் இல்லை. போக வேண்டும் என்று நான்கு வருஷமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அரபிக்கடலுக்கு மேல் தாழ்வாகக் கிடக்கும் மேகங்களை அளப்பது எங்கள் திட்டம். இடியும் மின்னலுமாக வரும் பெரிய மேகங்கள் அல்ல. பெரும்பாலும் மழைகூடப் பெய்யாது. கடலுக்கு மேல் பாய் விரித்த மாதிரி கிடந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு வெயிலைத் திருப்பும் என்பது அதற்குள் எத்தனை சொட்டு இருக்கிறது, எந்த உயரத்தில் எவ்வளவு பெரிய சொட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அறிய டில்லியிலிருந்து ஒரு பழைய டகோட்டா விமானம் கோவாவுக்குப் போகும். அங்கிருந்து கடலுக்கு மேல் ஏறியும் இறங்கியும் அளந்துவிட்டுத் திரும்பி வரும். அந்த மே மாதத்தில் நான்கு முறை பறக்க அனுமதி இருந்தது. மூன்று முடிந்திருந்தது.

மேசை மேல் உயரம் காட்டும் கருவியின் காகிதச் சுருளை நீளமாக விரித்து வைத்திருந்தோம். காற்றழுத்தம் மாற மாற ஒரு பேனா ஏறி இறங்கிக் கோடு போடும். அந்தக் கோடு மூன்று பயணங்களிலும் சைபர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இந்தக் காகிதத்தை நம்பினால் நமது விமானம் நாற்பது நிமிஷம் கடலுக்கு அடியில், இருநூறு அடி ஆழத்தில் பறந்திருக்கிறது."

கேப்டன் சர்தார்ஜி. தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஈரமே இல்லையே, சாப்!"

சிரித்தோம். ஆனால் முடிவு சிரிப்பாக இல்லை. கருவி கெட்டுவிட்டது, மூன்று பயணங்களின் அளவுகளையும் தள்ளிவிட வேண்டியது, நான்காவது பயணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது என்றார் இயக்குநர். சர்மாஜி குறித்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷம் இந்தத் திட்டமே இருக்காது. அடுத்த அறையில் இருந்தவர் மேகத்தைப் பார்க்கப்போவதும் இல்லை. எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு மேடம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய சர்க்கார் குமாஸ்தாவாக டில்லிக்கு வந்தவர். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். வீட்டுத் தமிழ் நெல்லைத் தமிழ். நடுநடுவே அச்சாவும் அரேவும் விழும். தமிழ் எழுத்தை பஸ்ஸின் போர்டு படிப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். எனக்கு ஊரிலிருந்து வரும் வாரப்பத்திரிகையின் தொடர்கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் உரக்க வாசிக்க வேண்டும். கதாநாயகி அழ ஆரம்பித்தால், "இந்தப் பக்கத்தைத் தள்ளு, ஜல்தி" என்பார்.

நல்ல உயரம். மெலிந்த பின்னல். மணிக்கட்டில் அப்பாவின் பழைய ஆண்பிள்ளைக் கடிகாரம் வளையல் மாதிரி சுழலும். வருஷக்கணக்காக மைக்ராஸ்கோப் பார்த்ததில், சிரிக்கும்போதும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரோ என்று திகைத்துப்போவார்கள்.

அவர் வேலை இதுதான். மக்னீசிய நாடாவைக் கொளுத்தி, அதன் வெண்புகையைச் சின்னக் கண்ணாடித் துண்டில் மாவு பூசினாற்போல் படியவிடுவோம். விமானம் மேகத்துக்குள் இருக்கும்போது, ஒரு குழாய் வழியாக அந்தக் கண்ணாடியைக் கண் சிமிட்டும் நேரம் வெளியே நீட்டி இழுப்போம். மேகத்தின் சொட்டுகள் அதில் மோதி வட்டவட்டமாகக் குழி போட்டுவிட்டுப் போய்விடும். சொட்டு போய்விட்டாலும் குழி இருக்கும். அந்தக் குழிகளை எண்ணி, அளந்து, எந்த உயரத்தில் எடுத்தது என்று எழுத வேண்டும். ஒரு துண்டில் இருநூறும் இருக்கும், அறுநூறும் இருக்கும். அக்கா நான்கு வருஷம் எண்ணினார். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை.

அவருடைய ஒரே கேள்வி, எதற்கும் கேட்கிற கேள்வி: "சைபரை எங்கன வெச்ச?"

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், மூச்சு வாங்க ஓடிவந்து, "பத்து நிமிஷம் லேட்டாயிடுச்சுங்க மேடம்" என்றேன். அவர் தலையைத் தூக்காமல், "எந்தக் கடியாரத்துல?" என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். "வாசல் கடியாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். டைரக்டர் ரூம் கடியாரம் நாலு நிமிஷம் பிந்தி. சைபரை எங்கன வெச்சேன்னு தெரியாம லேட்டுன்னு சொல்லப்படாது. போய்த் தண்ணி குடி."

கோல் மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால், எந்தக் காயையும் தொடுவதற்கு முன்னால், "பையா, பெஹ்லே காலி திகாவ்" என்பார். வெறும் தராசை முதலில் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு தட்டும் சமமாக நின்ற பிறகுதான் தக்காளி. நாளாக நாளாக அக்கா சாலை திருப்பத்தில் தெரியும்போதே கடைக்காரர்கள் வெறும் தராசைத் தூக்கிப் பிடித்துவிடுவார்கள். வரிசையாக ஏழெட்டுத் தராசுகள் ஆகாயத்தில் ஆடும். அமைச்சருக்குக்கூட அந்தத் தெருவில் அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது. அக்காவும் அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர் மாதிரி தலையை அசைத்துக்கொண்டே போவார்.

பெண் பார்க்கவும் வந்தார்கள். கரோல் பாகிலிருந்து ஒரு குடும்பம். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பையனின் அம்மா, "பொண்ணு ரெண்டு இஞ்ச் உயரம் ஜாஸ்தி" என்றாராம். அக்கா தட்டை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "எங்கேருந்து அளந்தீங்க? உங்க பையனை வெச்சு அளந்தா நான் ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி. என்னை வெச்சு அளந்தா அவரு ரெண்டு இஞ்ச் கம்மிலா?" அவர்கள் இரண்டாவது பஜ்ஜியை எடுக்கவில்லை. மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய ஆறிப்போன பஜ்ஜி அலுவலகத்துக்கு வந்தது. "அம்மா ராத்திரி பூரா அழுதா. சவத்த விடு. வாழைக்கா பஜ்ஜி, தின்னு" என்றார். இடது கண் மூடிக்கொண்டது.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போனோம். இறந்தவரைப் பற்றி, "இவரை மாதிரி நல்லவர் உலகத்திலேயே கிடையாது" என்று யாரோ சொல்ல, அக்காவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். சட்டென்று அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை முறைத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில், "நான் கேக்கப் போகலைலே" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா யாரை வெச்சுச் சொன்னாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றார்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். குவார்ட்டர்ஸில் சமையலறைக் கதவு நிலையில் வருஷா வருஷம் பிள்ளைகளை நிறுத்திப் பென்சிலால் உயரம் குறிப்பாராம் அப்பா. அக்காவுக்கு ஒன்பது வயதானபோது, வீட்டில் எல்லாரும் குட்டையாகிவிட்டார்கள். தம்பி அரை விரல் கம்மி. அக்கா கால் விரல் கம்மி. வளர்ந்துவிட்ட பெரிய அண்ணன் இரண்டு விரல் கம்மி. அம்மா பயந்துபோய் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, எல்லாருக்கும் ஒரு வாரம் உளுந்தங்களி கிண்டிப் போட்டாள். களியைத் தின்றுகொண்டே தரையைப் பார்த்தபோதுதான் அக்காவுக்குப் புரிந்ததாம். போன மாதம் சர்க்கார் ஆட்கள் வந்து பழைய தரையைப் பெயர்த்து, இரண்டு விரல் தாழ்வாகப் புதுச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். "தரை எறங்கிருச்சு. நாங்க யாரும் குறையல. ஆனா களி நல்லாருந்துதுன்னு நான் ஒரு வாரம் வாயைத் திறக்கல."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தர்மபுரிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. டில்லிக்கு வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் பேச வராது, எழுத மட்டும் வரும். ஒருநாள் கேன்டீனில் கூட வேலை பார்க்கிற ஒருவர், நான் இருப்பது தெரிந்தே, "அத்தனை மார்க் வாங்கியிருக்கிறான், வாயைத் திறந்தால் எட்டாம் வகுப்பு மாதிரி இருக்கிறது" என்றார். அக்கா சமோசாவை உடைத்துக்கொண்டே, "சைபரை எங்கே வைத்து அளந்தீர்கள்?" என்று அவரிடம் இங்கிலீஷிலேயே கேட்டார். "உங்கள் வீட்டில் உங்கள் தாத்தா டெபுடி கலெக்டர். இவன் வீட்டில் இவன்தான் தாத்தா."

கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு எனக்கு தாதாஜி என்று பெயர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அக்காவைப் பார்த்தேன். அவர் என் தட்டிலிருந்த சமோசாவையும் எடுத்துக்கொண்டார்.

விமானத்தில் இடம் கேட்டு அவர் எழுதிய மனுக்களும் வருஷத்துக்கு ஒன்றாக அதே பதிலோடு திரும்பி வந்தன: மகளிருக்கு விமானத்தில் தனி வசதி இல்லாமையால் பரிசீலிக்க இயலவில்லை. கீழே சர்மாஜியின் கையெழுத்து. சர்மாஜி கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்து, "என்ன செய்வது, பேட்டி" என்று சொந்த மகளிடம் சொல்வதுபோல் வருத்தப்பட்டுவிட்டுப் போவார். அக்கா தாளை இழுப்பறையில் வைப்பார். ஒருமுறை மட்டும், கண்ணாடித் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நாலு வருஷமா இதோட காலடித் தடத்தை எண்ணிக்கிட்டு இருக்கேன் தம்பி. ஆளு மொகத்தை ஒருதரம் பாக்கணும்லா" என்றார்.

விமானத்தில் அளக்கிறவருக்கு இருந்தது ஒரே இடம்; அதில் உட்கார்ந்து போனவன் நான். அதுதான் வேடிக்கை. விமானம் கடலுக்கு மேல் தாழ்ந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு கையில் காகிதப் பை, ஒரு கையில் கண்ணாடித் துண்டு. மேகம் என்ன நிறம் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரில் அப்பா, "எம் மவன் ஏரோப்ளேன்ல போறான்" என்று சூளை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பேனா சைபருக்குக் கீழே இறங்கியதை மூன்று பயணத்திலும் பார்த்தேன். கருவிக்கும் என்னைப் போலவே உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் டீ வந்தது. நான் எழுந்து அடுத்த அறைக்குப் போனேன்.

"என்னல, மொகம் ஆறிப்போன சப்பாத்தி மாதிரி கெடக்கு?"

"முடிஞ்சுதுங்க அக்கா. மூணு பயணமும் தள்ளுபடி. நாலாவதைத் திருப்பிக் குடுக்கறாங்களாம்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"எதுக்கு?"

"உயரம் காட்டற கருவி கெட்டுப்போச்சாம். பேனா சைபருக்குக் கீழே போயிருக்குங்க."

"சைபரை எங்கன வெச்ச?"

"தரையிலதாங்க அக்கா. புறப்படறதுக்கு முன்னால தரையில சைபர்ல வைன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்தத் தரை?"

"பாலம் ஏர்போர்ட் தரை."

அவர் நிமிர்ந்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தது. "டில்லி கடல்லேருந்து எம்புட்டு ஒசரம்?"

"எழுநூறு அடி..." என்றேன். அப்போதுதான் உறைத்தது.

புத்தகத்தை எழுதியவர்கள் கடலோரத்தில் இருந்து பறக்கிறவர்கள். அவர்களுக்குத் தரையும் கடலும் ஒன்று. நான் டில்லித் தரையில் பேனாவைச் சைபரில் நிறுத்தியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற காகிதச் சுருள் வீணாகக் கூடாது என்று கடலுக்கு மேல் போன பிறகுதான் அதை ஓடவிடுவோம். அதனால் கோவாவில் இறங்கும்போதே பேனா கீழே போயிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கடலுக்கு ஐந்நூறு அடி மேலே போன விமானம், டில்லித் தரைக்கு இருநூறு அடி கீழேதான் போயிருக்கிறது.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, மைக்ராஸ்கோப் ஆட ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அரே, டில்லிக்காரன் தன் வீட்டுத் தரைதான் ஊரு உலகத்துக்கெல்லாம் தரைன்னு நெனச்சுக்கிடுதான்! வந்து ரெண்டு வருஷத்துல நீயும் டில்லிக்காரன் ஆயிட்டியேலே!"

எனக்கு அழுகை வந்தது. இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. "அக்கா, நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா வேலை போயிடும்."

"நான் சைபரை மட்டும் சொல்லுதேன். யாரு வெச்சான்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு பைலட்டின் குறிப்பேட்டுப் பிரதியை எடுத்து, ஏழு இடங்களில் அவர் எழுதியிருந்த உயரத்தையும் பேனாவின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஏழிலும் வித்தியாசம் அதே எழுநூறும் சொச்சமும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கூப்பிடாத கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"ஸார், கருவி நல்லாத்தான் இருக்கிறது. மூன்று பயணத்தையும் தள்ள வேண்டாம்" என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். காகிதத்தை மேசையில் வைத்து ஏழு இடங்களையும் காட்டினார். இயக்குநர் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். ஏழாவதைக் கூட்டியதும் முதல் இடத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு தரம் கூட்டினார். அவர் காது சிவந்தது. சந்தோஷமா வெட்கமா என்று தெரியவில்லை.

கேப்டன் கேட்டார்: "அப்படியானால் சைபரைத் தப்பாக வைத்தது யார்?"

"டில்லி" என்றார் அக்கா.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை. "நான்தான், சார்."

கேப்டன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் பையன் என்னை மூன்று தடவை கடலில் மூழ்கடித்திருக்கிறான்! இந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை மேலே இழுத்திருக்கிறார்!" அக்கா பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள், என்ன வேண்டும்?"

"ஸீட்" என்றார் அக்கா.

சர்மாஜி தொண்டையைக் கனைத்தார். தனி வசதி, விதி, அமைச்சகம் என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "சர்மாஜி, நான்கு வருஷமாக எழுதுகிறீர்களே, தனி வசதி என்றால் என்ன? எங்கிருந்து எதுவரை இருந்தால் அது தனி வசதி?"

சர்மாஜி ஃபைலைத் திறந்தார். புரட்டினார். நான்கு வருஷத்துக் காகிதத்தில் தனி வசதி இல்லை என்று பதினேழு இடத்தில் இருந்தது. அது என்னவென்று ஓர் இடத்திலும் இல்லை. சர்மாஜிக்கு வியர்த்தது.

"வாலில் ஒரு திரை, ஒரு மூடி போட்ட வாளி" என்றார் கேப்டன். "எங்களுக்கு இப்போது திரைகூடக் கிடையாது. போட்டால் எல்லோருக்கும் நல்லது."

இயக்குநர் ஜன்னலில் கட்டியிருந்த வெட்டிவேர் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். விதி மீறாத மனிதர். விதியில் இடம் கிடைத்தால் மட்டும் நடப்பவர். "ஃபைலில் இல்லாததைச் செய்யக் கூடாது என்றும் ஃபைலில் இல்லையே" என்று கடைசியில் சொன்னார். "எழுதுங்கள், சர்மாஜி. நான்காவது பயணம் உண்டு. இடம் ஒன்றுதான் இருக்கிறது."

"என்னை மூழ்கடித்தவன் தரையில் நிற்கட்டும்" என்றார் கேப்டன்.

தண்டனை என்று முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. என் வயிறு அன்று பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு மட்டும் இந்தத் தடவை கடிதம் எழுதவில்லை.

புறப்படும் நாள் விடியற்காலையில் பாலம் ஏர்போர்ட்டில் ஆட்களையும் சாமான்களையும் எடை போட்டார்கள். அக்கா எடை மேடையில் ஏறவில்லை. ஆள் ஏறாத மேடையில் முள் இரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேப்டன் வந்து, முள்ளைத் திருப்பி வைக்கச் சொல்லி, ஏற்கெனவே நிறுத்த எல்லாரையும் மறுபடி நிறுக்க வைத்தார். மெக்கானிக்குகள் முணுமுணுத்தார்கள்.

நான் உள்ளே ஏறி உயரக் கருவியின் பேனாவைத் திருப்பினேன். சைபரில் இல்லை, எழுநூறும் சொச்சத்தில் நிறுத்தினேன். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எங்கன வெச்சிருக்க?"

"கடல்லங்க அக்கா."

"சரி" என்றார். புடவையை முழங்கால் வரை இழுத்துச் செருகியிருந்தார். காலில் தம்பியின் கேன்வாஸ் ஷூ. கண்ணாடித் துண்டுகளின் பெட்டியைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவை மூடும்போது அவர் கையாட்டவில்லை. ஜன்னலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து வந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. நாற்பத்தெட்டுத் துண்டில் ஒன்றுகூட உடையவில்லை. இயக்குநர் அறையில் சுருளை விரித்தோம். இயக்குநர் தானே குனிந்து பேனாவின் கோட்டோடு விரலை ஓட்டிக்கொண்டு போனார். கோடு அழகாக இறங்கி, ஐந்நூறில் கம்பி இழுத்த மாதிரி நின்று, பிறகு படிப்படியாக ஏறியது. ஓரத்தில் அக்காவின் சின்னக் கையெழுத்து. மேகத்துக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, எந்தத் துண்டு எந்த நேரத்தில். நிமிஷத்துக்கு நிமிஷம்.

இயக்குநரின் விரல் ஓரிடத்தில் நின்றது. பதினோரு நிமிஷத்துக்கு ஓரத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

"இங்கே என்ன ஆயிற்று? கருவி ஏதாவது நின்றுவிட்டதா?"

"இல்லை, ஸார்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை, ஸார்." அக்கா தன் கைகளைப் பார்த்தார். அவர் தலைகுனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பார்த்துக்கொண்டிருந்தேன்."

இயக்குநர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, அந்தக் காலி இடத்தில் தன் அழகான கையெழுத்தில், 'கவனிப்பாளர் கவனித்துக்கொண்டிருந்தார்' என்று இங்கிலீஷில் எழுதி, கீழே சுருக்கொப்பமும் போட்டார்.

மத்தியானம் தொடர்கதையை வாசிக்க வேண்டாம் என்றேன். "நீங்க சொல்லுங்க அக்கா."

அவர் டப்பாவை மூடிவைத்தார். "மேலேருந்து பாத்தா, குளிர் வர்றதுக்கு முன்னால ரஜாய்க்குப் பஞ்சு அடிச்சு ரோட்டோரமா பரப்பி வெச்சிருப்பான்லா, அப்படி. கடைசி வரைக்கும் பஞ்சு. எவன் அடிச்சானோ! அங்கங்க கிழிசல்ல கடல் தெரியுது, ஊதா ஊதாவா."

"உள்ள?"

"உள்ள ஒண்ணும் கிடையாது" என்றார். "எங்கன பாத்தாலும் ஒரே வெள்ளை. மேல எது, கீழ எது ஒண்ணும் தெரியல. ரெக்கையைக் காணோம். எங்கேருந்து பாக்குதோம்னே தெரியல. சைபரே இல்ல தம்பி!" இடது கண் மூடிக்கொண்டது. "அம்புட்டு நல்லாருந்துது."

அந்த மழைக்காலம் முடிந்ததும் அவருக்குத் தென்பக்கம் மாற்றலாகிவிட்டது. பிறகு நான் பார்க்கவில்லை. அதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. நான்கு வருஷமாகத் தொங்கிய தனி வசதி ஃபைலை சர்மாஜி மூடியாக வேண்டும். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அறிவியல் கருவிகள் என்ற தலைப்பில் எழுதினார். காக்கித் துணி மூன்று மீட்டர், பதினெட்டு ரூபாய். மூடியோடு பிளாஸ்டிக் வாளி ஒன்று, பதினோரு ரூபாய். கயிறு, இரண்டு ரூபாய் ஐம்பது காசு. கீழே இரட்டைக் கோடு போட்டுக் கூட்டினார்: மொத்தம் முப்பத்தொரு ரூபாய் ஐம்பது காசு.